அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்

அக்டோபர் 20, திங்கள்

அக்கா இன்று என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தாள். கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுப்பில் காட்டி எரித்து, சாம்பலைக் குழாயடியில் கழுவிவிட்டாள்.

அதனால் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டைப் பின்னாலிருந்து திருப்பி எழுதுகிறேன். என் பையை அவள் திறந்தாலும் இதைத் தொட மாட்டாள். அவளுக்குக் கெமிஸ்ட்ரி என்றாலே ஆகாது.

கிழித்த பக்கத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. அப்பா இருபத்தாறு வருஷம் ஃபவுண்டரியில் மணல் அச்சு போட்டவர். நுரையீரல் போய்விட்டது. ஐந்து வாரமாக, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பெட்டி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா வேலை செய்யும் கம்பெனி தயாரிக்கும் பெட்டி. ஊழியர் குடும்பத்துக்கு வாடகை இல்லை. அம்மாவுக்கு மில்லில் மூன்றாம் ஷிஃப்ட், அதனால் ராத்திரி அப்பாவோடு படுப்பது நான். காலையும் மாலையும் நான்கு விஷயம் எழுதச் சொல்லியிருக்கிறார் நர்ஸ்: எத்தனை லிட்டர், விரலில் மாட்டும் கருவியில் என்ன எண், எத்தனை மணி நேரம் ஓடியது, இருமல் எப்படி. நான் பெட்டியின் திரையில் தெரிவதை எல்லாம் எழுதுவேன். அடியில் ஒரு வரி இருக்கும். 7C41E9. அதையும் எழுதுவேன்.

இன்று சாப்பிடும்போது கேட்டேன். “ஏன்க்கா, ஸ்டெல்லா டீச்சர் வீட்டுப் பெட்டியும் நம்ம பெட்டியும் ஒரே மாடலா? அதுலயும் கீழ 7C41E9-ன்னுதான் போட்டிருக்குது.”

அக்காவின் கை ரசத்திலேயே நின்றது.

“கீழ இருக்கறதையெல்லாம் உன்னைய எவ எழுதச் சொன்னா?”

“நர்சக்கா...”

“அவங்க சொன்னது நாலுதான? நாலை மட்டும் எழுது. பெரிய கலெக்டரு இவ.”

அப்பா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. “உடு சுகி. என்ற மூக்கணாங்கயிறுக்கு அம்மிணிதான் காவல். எல்லாத்தையும் எழுதட்டும்.” மூக்கில் மாட்டும் ட்யூபை அவர் அப்படித்தான் சொல்வார். அம்மிணி என்றால் நான்.

அக்கா கோபமாக இருந்தாள் என்றுதான் எழுத நினைத்தேன். கோபம் இல்லை அது. அப்பா முதல் முறை மயங்கி விழுந்த அன்று ஆட்டோவில் இப்படித்தான் முகத்தை வைத்திருந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

2 லிட்டர். 93. 21 மணி நேரம். இருமல் காலையில் மட்டும்.

அக்காவின் வேலை என்னவென்று பள்ளியில் யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வராது. அவளே ஒரு தடவை சொன்னதை எழுதிவைக்கிறேன். பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. தினமும் ஒரு தடவை அது கம்பெனி சர்வரிடம் பேசும். “நான்தான்” என்று சும்மா சொன்னால் சர்வர் நம்பாது. சான்றிதழைக் காட்ட வேண்டும். பப்ளிக் எக்ஸாம் ஹால் டிக்கெட் மாதிரி. ஒரு பெட்டிக்கு ஒன்று, இன்னொன்றுக்கு அது செல்லாது. அந்த ஹால் டிக்கெட் கொடுக்கிற மேசைதான் அக்காவுடையது. திரையில் அடியில் வரும் ஆறு எழுத்து, சான்றிதழின் கைரேகை. “உலகத்துல ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்குமா? அப்படித்தான்” என்று அப்போது சொன்னாள்.

பழைய சான்றிதழ்கள் இனிமேல் ஆகாது. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய பூட்டுகளை எல்லாம் அது ஒரு மத்தியானத்தில் திறந்துவிடுமாம். யார் வேண்டுமானாலும் பொய்ச் சான்றிதழ் அடித்து, கம்பெனி பேசுவதைப் போலவே பெட்டிகளோடு பேசலாம். அதனால் அது உடைக்க முடியாத புதுவகைச் சான்றிதழை இந்த வருஷத்துக்குள் எல்லாப் பெட்டிக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். அதற்காகத்தான் அக்கா ஆகஸ்ட் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு வந்தாள்.

ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. அப்படியென்றால் டீச்சர் வீட்டில் நான் பார்த்தது தப்பாக இருக்கும்.

அக்டோபர் 23, வியாழன்

2 லிட்டர். 92. 22 மணி நேரம். அந்த வரியை எழுதவில்லை. பார்த்தேன்.

அக்டோபர் 25, சனி

தப்பாகப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயர்டு கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அடுத்த சந்தில் தனியாக இருக்கிறார். சனிக்கிழமை எனக்கு டியூஷன். முப்பத்தொரு வருஷம் சாக்பீஸ் தின்றதால்தான் தனக்கு நுரையீரல் சுருங்கியது என்று டாக்டரிடம் இன்னும் சண்டை போடுகிறார்.

நான் பெட்டி முன்னால் குனிந்ததைப் பார்த்துவிட்டார்.

“மதுவந்தி, விடை பெட்டியில் இல்லை பிள்ளை. நோட்டில் இருக்கு.”

“தூசி இருந்துதுங் டீச்சர்.”

“என் வீட்டில் தூசியா? வெளியே சொல்லாதே. மானம் போயிடும்.” பேசி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது. “இந்தச் சனியனை நான் காதலிக்கிறேன் தெரியுமா? குறட்டை விடுது, விட்டுட்டுப் போக மாட்டேங்குது. எத்தனை பேருக்கு இப்படிப் புருஷன் அமையும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு மூன்றும் தப்பு.

அக்டோபர் 29, புதன்

அப்பாவுக்கு இன்று நெஞ்சு நோய் ஓ.பி. லீவு போட்டுவிட்டு நான் கூடப் போனேன். அவர் எக்ஸ்ரே எடுக்கப் போனபோது வார்டு வாசலில் நின்றேன். உள்ளே நான்கு கட்டில்களுக்கு அதே பெட்டி.

நான்கிலும் 7C41E9.

ஒரு கட்டிலில் என் வயசுப் பெண் படுத்திருந்தாள். நான் அவளைப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அக்காவிடம் கேட்டுவிட்டேன். மொட்டை மாடியில், துணி காயப்போடும்போது. ஆறு பெட்டி பார்த்தேன், ஆறிலும் ஒன்றுதான் என்றேன்.

அவள் கையிலிருந்த அப்பாவின் பனியனை உதறி, க்ளிப் மாட்டி, இன்னொரு க்ளிப் மாட்டி, அப்புறம்தான் பேசினாள்.

“ஆறில்ல. அறுநூத்திப் பன்னெண்டு.”

புதுவகைச் சான்றிதழுக்கு ஒவ்வொரு பெட்டியும் தனக்கான சாவியைத் தானே உள்ளுக்குள் உண்டாக்க வேண்டும். சின்னச் சிப்பு, பெரிய சாவி. ஒரு பெட்டிக்கு ஆறு நிமிஷம் ஆனது. தயாரிப்பு லைனில் பெட்டிகள் தேங்கிவிட்டன. லைன் இன்சார்ஜ் மகுடபதி சார், “ஒரு பெட்டிய முழுசா ரெடி பண்ணும்மா. அதோட மெமரிய அப்படியே மத்ததுல எறக்கு. பதினஞ்சு செகண்டுல முடிஞ்சுது சோலி” என்றார். அதில் தப்பில்லை, எல்லாக் கம்பெனியிலும் அப்படிச் செய்வார்களாம். ஆனால் நகல் எடுப்பதற்கு முன்னால் முதல் பெட்டியின் சாவியையும் சான்றிதழையும் அழிக்க வேண்டும். அழித்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் வீட்டில் முதல் தடவை ஓடும்போது புதுசாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

“நான் அழிக்கல.”

“ஏங்க்கா?”

“முந்தின நாள் ராத்திரி அப்பாவ ஐ.சி.யூ.ல வெச்சிருந்தாங்கல்ல? வாசல்ல உக்காந்துட்டு அப்படியே ட்யூட்டிக்குப் போனேன். அழிச்சேன்னுதான்டி நெனச்சுட்டிருந்தேன். நீ அன்னிக்கு அந்த நம்பரைச் சொல்ற வரைக்கும் அழிச்சேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.”

சோதனை எல்லாவற்றிலும் பெட்டிகள் பாஸ். சர்வர் கேட்பது சான்றிதழ் நிஜமா என்று மட்டும்தான். நிஜம்தானே. ஒரே ஹால் டிக்கெட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறார்கள், ஹால் டிக்கெட் போலி இல்லை.

“அதனால என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.” காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, “யாரும் பெட்டியத் தொலைக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

நவம்பர் 3, திங்கள்

2 லிட்டர். 92. 22 மணி நேரம். இருமல் இல்லை.

நேற்று முழுவதையும் எழுதக் கை வலித்தது, மீதி இன்று. வாடகைப் பெட்டியைத் திருடிவிட்டாலோ தொலைத்துவிட்டாலோ கம்பெனி அதன் சான்றிதழை ரத்து செய்யும். அடுத்த தடவை பெட்டி பேசும்போது சர்வர் “நீ யார்?” என்று கேட்கும், பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

“மூச்சு விடற பெட்டிக்கு எதுக்குக்கா பூட்டு?”

“பூட்டில்லாத பெட்டிய எவன்டி வாடகைக்குக் குடுப்பான்?”

ஒன்றை ரத்து செய்தால் அதே சான்றிதழ் வைத்திருக்கும் அத்தனையும் பூட்டிக்கொள்ளும். நான் இதைக் கேட்கவே இல்லை, நானே புரிந்துகொண்டு சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மகுடபதி சாரிடம் சொன்னாளாம். டிசம்பர் ஆடிட் முடியட்டும், சர்வீஸ் என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்து மாற்றிவிடலாம் என்றாராம். “அதுவரைக்கும் வாயத் தொறக்காத சுகிர்தா. மெமரி எறக்கின பதிவுல உன்ற பேருதான் இருக்குது, என்ற பேரு இல்ல” என்றும் சொன்னாராம். அக்காவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. வேலை போனால் அப்பாவின் பெட்டியும் அன்றைக்கே போய்விடும்.

நவம்பர் 6, வியாழன்

பிஸிக்ஸ் டெஸ்ட். 50-க்கு 19. அம்மாவிடம் கையெழுத்து வாங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம் அம்மா தீபாவளித் துணி எடுக்கப் போனதும் அக்கா கதவைத் தாழ் போட்டாள். டிபன் பையிலிருந்து லேப்டாப்பும் ஒரு சின்ன வயரும் எடுத்தாள். கரண்ட் போனால் பயன்படுத்த வைத்திருக்கும் சின்ன சிலிண்டருக்கு அப்பாவின் ட்யூபை மாற்றச் சொன்னாள். நான் வால்வைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சாமி பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றார் அப்பா.

“சர்வீசுப்பா. கண்ண மூடிப் படுங்க.”

பதினொரு நிமிஷம். பெட்டி திரும்ப ஓடியபோது அடிவரி மாறியிருந்தது. 02BD77.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். அப்பா தப்பித்தார். அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு சுட்டது.

அப்புறம்தான் கேட்டேன், “டீச்சருக்கும் இதே மாதிரி பண்ணிடலாமுல்ல?”

ஒரு தடவை வாங்கிவிட்ட பெட்டிக்கு மறுபடி சான்றிதழ் கொடுக்க இரண்டு பேர் அடையாள அட்டை வேண்டும், அவளுடையதும் மகுடபதி சாருடையதும், ஒரே நேரத்தில். இது லைனில் கழித்துப் போட்ட ஒரு பெட்டிக்காக முன்னாலேயே இரண்டு அட்டையும் போட்டு எடுத்திருந்தது. ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“ஒண்ணுதான்டி இருந்துது” என்று அவள் மறுபடியும் சொன்னாள், நான் ஏதோ திட்டியது போல.

அப்பா கண்ணை மூடித்தான் இருந்தார். தூங்கினார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தொலைந்துவிட்டது.

தாராபுரத்தில் ஒரு அம்மா போன மாசம் இறந்துபோனார். அவர் மகன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான், பெட்டியைக் காணவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. நேற்று சாயங்காலம் ரத்து செய்யும் கோரிக்கை அக்காவின் மேசைக்கு வந்தது. ரத்து செய்வதற்கு முன், அந்தப் பெட்டியில் உயிருள்ள நோயாளி யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்துவிட்டார்கள். இறப்புச் சான்றிதழையே இணைத்திருக்கிறார்கள்.

அக்கா “முகவரி தெளிவில்லை” என்று போட்டு நிறுத்தி வைத்தாள். அது பலிக்காது. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு யாரும் கை வைக்காமலேயே ரத்தாகிவிடும். கோரிக்கையைத் தள்ளுபடி செய்யவும் இரண்டு அட்டை வேண்டும்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. தீபாவளி.

நவம்பர் 12, புதன்

பெட்டியின் பக்கவாட்டில் உதவி எண் ஒட்டியிருக்கிறது. சாயங்காலம் அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“நிறைய பெட்டிக்கு ஒரே சான்றிதழ் இருக்குதுங். வெள்ளிக்கிழமை எல்லாம் நின்னுடும்” என்றேன்.

“உங்க பெட்டி இப்ப ஓடுதுங்களா மேடம்?”

“எங்க பெட்டி ஓடுதுங். மத்தவங்க பெட்டிதான்...”

“உங்க பெட்டியில என்ன ப்ராப்ளம்னு சொல்லுங்க மேடம்.” பிறகு, “பதிவு பண்ணிட்டேன், சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட் பாத்துக்குவாங்க” என்று வைத்துவிட்டாள்.

எட்டு நிமிஷத்தில் சமையலறையில் அக்காவின் போன் சத்தம் போட்டது. சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட் அக்காதான். புகார் கொடுத்தவர் எண் என்ற இடத்தில் அப்பாவின் நம்பர்.

அக்கா அதைத் ‘தவறான புகார்’ என்று போட்டு மூடிவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுதியதில் கடைசி வரி உண்மை இல்லை.

அக்கா போனை என் கையில் கொடுத்தாள். “மேல அனுப்புன்னு ஒண்ணு இருக்குது. மூடுன்னு ஒண்ணு இருக்குது. மேல அனுப்பினா இன்னிக்கே எல்லாம் தெரிஞ்சுரும். நான் உள்ள போவேன், அப்பா பெட்டி போவும். எதுன்னு நீயே சொல்லு. நீ சொல்றதப் பண்றேன்.”

அறைக்குள் அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சாக.

நான் மூடு என்றேன். அவள் அமுக்கவில்லை. நான்தான் அமுக்கினேன்.

இன்று கம்பெனி மத்தியானத்தோடு லீவு. மகுடபதி சார் நேற்றே சொந்த ஊர் போய்விட்டார், போன் சுவிட்ச் ஆஃப். அக்கா பதினேழு தடவை கூப்பிட்டாள், எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டே, “ஏண்டி ரெண்டு பேரும் எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சுட்டிருக்கீங்க? நல்ல நாளும் பொழுதுமா?” என்றாள்.

அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள், எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் நிற்காது, ஒவ்வொன்றும் பேசும் நேரம் வேறு, நாள் பூராவும் ஒவ்வொன்றாகத்தான் நிற்கும் என்று. ஆறுதல் மாதிரி சொன்னாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்டெல்லா டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சுடிதார் போட்டு, டீச்சருக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். சைக்கிள் கேரியரில் அப்பாவின் சின்ன சிலிண்டரைக் கட்டி மேலே துண்டு போட்டு மூடினேன். கரண்ட் போனால் அப்பாவுக்கு ஒன்றும் இருக்காது என்று தெரிந்துதான் எடுத்தேன். அக்கா வாசலில் கம்பி மத்தாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்தாமல் நின்றாள். என்னையும் துண்டையும் பார்த்தாள். கேட்டைத் திறந்துவிட்டாள்.

ஆறு மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறரைக்கும் ஆகவில்லை. டீச்சர் அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே, “உங்கம்மா பாகு பதம் தெரிஞ்சவங்க. நீ ஏன் பிள்ளை கதவுக்குப் பின்னாடி சிலிண்டரை ஒளிச்சு வெச்சிருக்கே?” என்றார்.

ஏழு மணி பத்து நிமிஷத்துக்குப் பெட்டி மூன்று தடவை பீப் அடித்தது. திரை சிவப்பானது. அப்புறம் அந்தக் குறட்டை நின்றது. வெளியே சரவெடி. இல்லாவிட்டால் அந்த அமைதியைத் தாங்கியிருக்க மாட்டேன்.

ட்யூபை மாற்றி வால்வைத் திறந்தேன். அவசரத்தில் முதலில் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். டீச்சரின் உதடு நிறம் மாறித் திரும்ப வந்தது. மூச்சு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“இது நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டேன். ரசத்தில் நின்ற கையிலிருந்து, நான் அமுக்கியது வரை எல்லாம். டீச்சர் திட்டவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டால் எங்கே தப்பு என்று காட்டாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், அப்படிப் பார்த்தார்.

“எத்தனை பேர்?”

“அப்பாதும் தொலைஞ்சதும் போக, உங்களோட அறுநூத்திப் பத்துங்.”

“போனை எடு. உங்கக்காவுக்குப் போடு.”

டீச்சர் பேசியது இவ்வளவுதான்: “சுகிர்தா, உன் தங்கச்சி எல்லாம் சொல்லிட்டாள். நீ அழறதுக்கு நாளைக்கு நேரம் இருக்கு. யார் யார் வீட்டில் பெட்டி இருக்குன்னு லிஸ்ட் வெச்சிருப்பியே, அதை எடுத்துட்டு வா.”

அக்கா எண்ணெய்த் தலையோடு பத்து நிமிஷத்தில் வந்தாள். கம்பெனிப் பெரியவர்களுக்கு அவளே போன் செய்து தன் பெயரைச் சொன்னாள். கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூமுக்கும் அவளே சொன்னாள். ரத்தைத் திரும்பப் பெற வழி இல்லை, புதுச் சான்றிதழ் கொடுக்க மகுடபதி சாரின் அட்டை வேண்டும், அவரைத் தேடி ஒரு கார் போயிருக்கிறது. அதுவரைக்கும் பழைய வழிதான். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்வது. பெட்டி நின்றிருந்தால் சிலிண்டர், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். முதலில் வார்டு. அங்கே இரண்டு பெட்டி நின்றதுமே, நர்சுகள் நாலு பேரையும் சுவரிலிருந்த ஆக்சிஜன் குழாயில் மாட்டிவிட்டிருந்தார்கள். அன்று கையாட்டிய பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குப் பெயர் தெரியவில்லை. ‘நாலு பேரும் இருக்காங்க’ என்றார்கள்.

அக்கா ஒரு போன், நான் ஒரு போன், டீச்சர் மூச்சு வரும்போதெல்லாம் ஒரு போன். கம்பெனியிலும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம். பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் டீச்சருக்குப் பெரிய சிலிண்டர் வந்தது. மத்தியானம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்பாவுக்கு 92 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில் ஒரு அம்மா எடுத்தார். பின்னால் குழந்தைகள் சத்தம்.

“வீட்டுல ஆக்சிஜன் பெட்டி ஓடுதுங்களா?” என்றேன்.

“ஓடுதுன்னு நெனக்கிறேங்க. மாமா உள் ரூமுல படுத்திருக்காருங்க. வெடிப் பொகை வேண்டாம்னு கதவச் சாத்திட்டோம்.”

“கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். “பெட்டி சத்தம் வரலீங்க. அவரு நல்லாத் தூங்கறாருங்க. ரொம்ப நாளைக்கப்புறம் இப்பதான் அசந்து தூங்கறாரு. எழுப்பட்டுங்களா?”

எழுப்புங்கள் என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டு அவர் மாமா, மாமா என்று கூப்பிடுவது கேட்டது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். வெளியே போய்ப் பேசினாள். திரும்பி வந்து லிஸ்டில் அந்தப் பெயருக்கு எதிரே எந்தக் குறியும் போடாமல் அடுத்த பெயருக்குப் போனாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இப்போது மணி பதினொன்றே கால். அறுநூற்றுப் பத்தில் ஐந்நூற்று எழுபத்தோரு வீடுகளில் பேசியாகிவிட்டது. முப்பத்தொன்பது வீடுகளில் யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை, ஐந்து தடவை அடித்துவிட்டோம்.

பட்டாசுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்கிறாள் அக்கா. அப்படித்தான் இருக்கும். ஒன்பது மணியிலிருந்து வெடிச்சத்தமே இல்லை. மறுபடியும் முதல் பெயரிலிருந்து கூப்பிடுகிறோம்.